கத்திரி வெயிலில் சிலிர்த்த கை: மருந்துக்கடை அண்ணன்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மருந்துக்கடை அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்,

வணக்கம். 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்துவிட்டாலும் எங்கள் நைனாவுக்கு இது இன்னும் வடாற்காடுதான். அந்தப் பழைய வடாற்காட்டில் பேரணாம்பட்டு பீடி சுற்றும் பெண்கள், ஆம்பூர் ஷூ கம்பெனி ஆட்கள், ராணிப்பேட்டை தோல் கம்பெனித் தொழிலாளிகள், குடியாத்தம் நெசவாளிகள் என்று இடுப்பும் முட்டியும் தேயத் தேய உழைக்கிறவர்கள், டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் வந்து நிற்கிற இடம் உங்கள் கடை வாசல். டாக்டரைப் பார்த்த பிறகு, மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்து நிற்பதும் அங்கேதான். அதனால்தான் கலெக்டருக்கும் அமைச்சருக்கும் எழுதாமல், வலி மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வரும் வேதனையைப் பற்றிய இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் குடியாத்தத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நைனா கைலி நெசவு. நாற்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்து மிதித்தவர். 2017இல் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கீழ்முதுகில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். ஆபரேஷன் வேண்டாம் என்று நைனா பிடிவாதமாக இருந்துவிட்டார். ஒரு டாக்டர் பத்து நாளைக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்தப் பத்து நாள் ஆறு வருஷமாயிற்று. சட்டைப்பையில் மடித்து மடித்து வைத்திருந்த சீட்டு நாலு துண்டாகக் கிழிந்தது. அதற்குள் கடைக்காரருக்கு நைனாவின் முகமே சீட்டாகிவிட்டது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று தொடங்கியது 2023 வாக்கில் ஒரு நாளைக்கு ஆறு ஆகியிருந்தது.

அந்த மாத்திரையில் இருந்தவை இரண்டு மருந்துகள். 325 மில்லிகிராம் பாராசிட்டமால், 37.5 மில்லிகிராம் டிரமடால். நாங்கள் அதைப் பாராசிட்டமால் என்றே நினைத்திருந்தோம். காய்ச்சலுக்குப் போடுவதுதானே, அது என்ன செய்துவிடும் என்று. டிரமடால் அபின் வகையைச் சேர்ந்த மருந்து, நாள்பட எடுத்தால் உடம்பு அதற்குப் பழகிவிடும், திடீரென்று நிறுத்தினால் உடம்பு கலவரம் செய்யும் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் 'வலி மாத்திரை' என்ற ஒரே பெயரில்தான் எல்லாம் ஓடியது. டைக்ளோஃபெனாக்கும் வலி மாத்திரை, அசிக்ளோஃபெனாக்கும் வலி மாத்திரை, இதுவும் வலி மாத்திரை. முதல் இரண்டும் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், ஆனால் நிறுத்தினால் இப்படி ஆட்டி வைக்காது. மூன்றாவதின் கதையே வேறு.

2023 மே மாதம், கத்திரி வெயில். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையில் "இனிமே இது இல்ல பெரியவரே, ரொம்ப செக்கிங் பண்றாங்க" என்று சொல்லிவிட்டார்கள். நைனா வேறு இரண்டு கடை ஏறி இறங்கினார். அங்கும் இல்லை. "செரி, எல்லாம் பொறுத்துக்கலாம்" என்று வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். கடைசி மாத்திரை அன்று மதியம் 2 மணிக்குப் போட்டது. இந்த நேரம் எனக்கு இன்று தெரியும். அன்று அதை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

சனிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு அம்மா என்னை எழுப்பினார். நைனா திண்ணைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார். உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. மூக்கு ஒழுகியது. கண்ணில் தண்ணீர். வயிறு கலக்கி ஐந்தாறு முறை போய்விட்டு வந்தார். மத்தியானம் வெயில் 40 டிகிரியைத் தாண்டி ஓடு காய்ந்து வெடிக்கிற நேரத்தில் கம்பளி கேட்டார். முதுகு போய்விட்டது, நரம்பு அறுந்துவிட்டது என்று நாங்கள் அழ ஆரம்பித்தோம். ராத்திரி வண்டி பிடித்து வேலூரில் ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "இடுப்பு வலி, ஆறு வருஷமா" என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். என்ன மாத்திரை என்று கேட்டார்கள். "வலி மாத்திரை" என்றேன். ஒரு ஊசி போட்டார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் நின்றது. "பாத்தீங்களா, ஊசிக்குக் கேக்குது. முதுகுவலிதான். காலைல ஸ்கேன் எடுத்துடலாம்" என்றார்கள். எடுத்தோம். ஏழாயிரம் ரூபாய். 2017இல் இருந்ததைவிடப் புதிதாக ஒன்றும் இல்லை. சாயங்காலத்துக்குள் நைனா மறுபடியும் வார்டு முழுக்க நடக்க ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிறு ராத்திரி டூட்டிக்கு வந்த ஒரு சின்ன வயதுப் பெண் டாக்டர்தான் அவர் கையைப் பிடித்துப் பார்த்தார். நாடி பார்க்கப் பிடித்தவர், அப்படியே முன்கையைத் தடவினார். கை முழுக்க மயிர் சிலிர்த்து, கோழித்தோல் மாதிரி இருந்தது. மின்விசிறி சூடான காற்றை அடித்துக்கொண்டிருந்த அந்த வார்டில். டார்ச் அடித்துக் கண்மணியைப் பார்த்தார், விரிந்து கிடந்தது. "ஐயா ரொம்ப கொட்டாவி விடுறாரா?" என்று கேட்டார். அம்மா "நேத்துல இருந்து ஓயாம விட்டுக்கினே கீறாரும்மா, தூக்கம்தான் வர்ல" என்றார். அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது: "கடைசியா மாத்திரை எப்போ போட்டார்? அந்த அட்டை இருக்கா?"

அம்மா சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கத்தரிக்கோலால் வெட்டிய அட்டைத் துண்டு. பெயர் இருந்த பக்கம் வேறு யாரிடமோ போயிருந்தது. எங்கள் துண்டில் விலையும் காலாவதித் தேதியும் மட்டும் இருந்தன. கடைக்குப் போன் போட்டேன். எடுத்தவர் முதலில் "போலீஸ் கேஸாம்மா?" என்றுதான் கேட்டார். நான் அழுததைக் கேட்டு, தயங்கித் தயங்கிப் பெயரைச் சொன்னார். அவர் மீது எனக்குக் கோபமே இல்லை. அவர் அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருக்காவிட்டால் நைனாவை இன்னொரு ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பார்கள், இல்லை ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். முந்தைய நாள் போட்ட ஊசியின் பெயரைப் பிறகு பில்லில் பார்த்தேன். டிரமடால்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான். "மாத்திரை போட்டால் நிற்கிறது, அப்படியானால் அது வலிதான்" என்று வீட்டில் நினைக்கிறோம், கடையில் நினைக்கிறீர்கள், அன்று மருத்துவமனையிலும் நினைத்தார்கள். அந்த மாத்திரைக்கு முதுகுவலியும் அடங்கும், மாத்திரை இல்லாததால் வந்த வேதனையும் அடங்கும். ஆகவே அடங்கியது என்பதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. பார்க்க வேண்டியது, கூட வேறு என்னென்ன அடங்கின என்று. நைனாவுக்கு ஊசி போட்ட அரை மணியில் இடுப்பு மட்டும் அடங்கவில்லை. மூக்கொழுகல் நின்றது, வயிறு நின்றது, கொட்டாவி நின்றது, குளிர் நின்றது. டிஸ்க் பிதுங்கியவருக்கு மூக்கு ஏன் ஒழுக வேண்டும்?

அந்த டாக்டர் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு மதிப்பெண் போட்டார். நாடித் துடிப்பு, வியர்வை, இருப்புக்கொள்ளாமை, கண்மணி, எலும்பு மூட்டுக் குடைச்சல், மூக்கு கண் ஒழுகல், வயிறு, நடுக்கம், கொட்டாவி, படபடப்பு, தோல் சிலிர்ப்பு என்று 11 விஷயங்கள், மொத்தம் 48 மதிப்பெண். நைனாவுக்கு 19 வந்தது. நடுத்தர அளவு விலகல் வேதனை என்றார். வித்டிராயல் என்று அவர்கள் சொல்வதை நைனா பிறகு தன் பாஷையில் 'மாத்திரை எறங்குறது' என்று வைத்துக்கொண்டார். எனக்கு அந்தச் சொல்தான் சரியாகப் படுகிறது.

உடம்பில் என்ன நடக்கிறது என்று அவர் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். பொங்கலுக்குக் கயிறு இழுக்கும் போட்டி வைப்போமே, அது மாதிரி. மாத்திரை ஒரு பக்கம் நின்று நரம்புகளை அடக்கி இழுக்கிறது. குடலை மந்தமாக்குகிறது, கண்மணியைச் சுருக்குகிறது, படபடப்பைக் குறைக்கிறது. உடம்பு சும்மா இருக்காது. நிலை தவறாமலிருக்க எதிர்ப்பக்கம் ஆள் சேர்த்துக்கொண்டே போகிறது. அதனால்தான் ரெண்டு மாத்திரை நாலாகிறது, நாலு ஆறாகிறது. ஒரு நாள் இந்தப் பக்கம் பட்டென்று கயிற்றை விட்டால் எதிர்ப்பக்கத்து ஆட்கள் மொத்தமாகச் சரிகிறார்கள். மந்தமாக இருந்த குடல் கொட்டுகிறது, சுருங்கிய கண்மணி விரிகிறது, அடங்கிய படபடப்பு பொங்குகிறது, அதுவரை அமுங்கிக் கிடந்த வலியெல்லாம் இரட்டிப்பாக வருகிறது. சீக்கிரம் வடிந்துவிடும் வகை மருந்துகளில் இது 8 மணியிலிருந்து 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் பெரும்பாலும் அடங்கும். டிரமடாலுக்கு இன்னொரு முகமும் உண்டு. மனச்சோர்வு மாத்திரைகள் சில செய்வதைப்போல மூளையில் செரடோனின், நார்அட்ரினலின் என்ற இரண்டையும் அது கூட்டி வைக்கிறது. அதனால் நிறுத்தும்போது விலகல் வேதனை வருகிறவர்களில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்குத் திடீர்ப் பீதி, குழப்பம், உடம்பில் ஊசி குத்தும் உணர்வு, இல்லாததைப் பார்ப்பது கூட வரும். வீட்டில் இதைப் பார்த்தால் பேய் பிடித்தது என்பார்கள்.

இனி, எனக்கு மனசில் அறுத்துக்கொண்டே இருக்கிற ஒன்று. நைனா எங்களுக்கு முதல் நாளே சொல்லிவிட்டார். நாங்கள்தான் கேட்கவில்லை.

அவருடைய பழைய வலிக்கு ஆறு வருஷமாக ஒரே சொல்தான். இழுப்பு. வலது இடுப்பில் கிளம்பி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலில் போய் நிற்கும். "பாவு நூலைக் கட்டி இழுக்குற மாதிரி" என்பார். குனிந்தால் கூடும். ஒருக்களித்துப் படுத்து முட்டியை மடக்கினால் குறையும். அந்தச் சனிக்கிழமை அவர் வாயில் 'இழுப்பு' என்ற சொல் ஒரு தரம்கூட வரவில்லை. "ஒடம்பெல்லாம் குடையுது" என்றார். "எலும்புக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி கீதும்மா" என்றார். "காலை எங்க வெக்கிறதுன்னு தெரியல" என்றார். எப்படிப் படுத்தாலும் குறையவில்லை, நடந்தால் மட்டும் கொஞ்சம் தேவலை. எல்லாவற்றையும் நான் ஒரே சொல்லாக மாற்றி டாக்டரிடம் சொன்னேன்: வலி. பத்துக்கு எத்தனை என்று கேட்டார்கள், பத்து என்றேன். குத்தல், குடைச்சல், கடுப்பு, இழுப்பு, உளைச்சல், எரிச்சல், விண்விண்ணென்று தெறிப்பது என்று நம் ஆட்கள் அளந்து அளந்து சொல்வதை ஒரு எண்ணாக்கிக் கொடுத்துவிட்டேன், கணக்கு டீச்சர்.

வலி பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்ட ஊர் நம்முடையது. கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து, தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் குறைந்துபோகின்றன என்று இங்கேதான் தேடினார். சதை தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சூடு பட்டாலும் வெட்டுப்பட்டாலும் உணராமல் தேய்ந்துபோகிறது என்பதைக் கண்டு உலகத்துக்குச் சொன்னார். வலி இல்லாத உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளாது என்ற பாடம் அது. எங்களுக்கு வேறொரு பாடம் தேவைப்பட்டது: வலி எப்போதும் ஒரே செய்தியைக் கொண்டுவருவதில்லை. முதுகு அனுப்பும் வலியும், மாத்திரை அனுப்பும் வலியும் ஒரே வாசலில்தான் வந்து தட்டுகின்றன.

அன்று அந்த டாக்டர் 'போதை' என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை. ஆனால் பக்கத்துக் கட்டில்காரர் யாரோ சொல்லிவிட்டார். நைனா என்னைப் பார்த்து, "நான் பீடி கூடத் தொட்டதில்ல. என்னைப் போதைக்காரன்னு சொல்றாங்களா?" என்று கேட்டார். அவர் அழுது நான் பார்த்தது பாட்டி செத்தபோதும் அன்றும்தான். டாக்டர் அவர் கட்டிலில் உட்கார்ந்து விளக்கினார். உடம்பு மருந்துக்குப் பழகுவது ஒன்று. மனசு அதையே தேடி, வேலை வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதன் பின்னால் ஓடுவது இன்னொன்று. மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டால் முன்னது யாருக்கும் வரலாம். பின்னது வந்தவர்களும் நோயாளிகள்தான், அவர்களுக்கும் இதே உடம்புதான், இதே நடுக்கம்தான் என்பதையும் அவர் சொன்னார். தினசரிகளில் 'வலி நிவாரண மாத்திரையைப் போதைக்காக விற்ற இளைஞர்கள் கைது' என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்தப் பையன்களின் விடியற்காலை நாலு மணி ஞாபகம் வருகிறது.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. 2014 மார்ச்சிலிருந்து, கூடுதல் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய எச்1 பட்டியல் மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு, டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். 2018 ஏப்ரலில் டிரமடால் போதைப்பொருள் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. டபென்டடால் என்ற இன்னொரு அபின் வகை வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டு நம் ஊர்ப் பிள்ளைகள் நரம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள், செத்தும் போகிறார்கள். சீட்டில்லாமல் கொடுக்காதீர்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. சீட்டு இல்லாமல் ஆறு வருஷம் கொடுத்ததுதான் எங்கள் வீட்டில் நடந்த முதல் தப்பு, அதைக் கேட்டு வாங்கியது நாங்கள். ஆனால் ஆறு வருஷம் கொடுத்துவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் "இல்ல" என்ற ஒரே சொல்லோடு அனுப்புவது இரண்டாவது தப்பு. அந்த 'இல்ல'வுக்குப் பின்னால் இரண்டு வரி சேர்க்க வேண்டும் என்றுதான் இந்த மடல்.

"பெரியவரே, இதை டக்குனு நிறுத்தினா ரெண்டு நாள்ல ஒடம்பு ஆட்டும். மூக்கு ஒழுகும், வயிறு போகும், தூக்கம் வராது. அது முதுகு கெட்டுப் போனதால இல்ல. நாளைக்கே டாக்டரைப் பாருங்க, இந்தப் பேரைச் சொல்லுங்க." இவ்வளவுதான். ஒரு துண்டுத்தாளில் மருந்தின் பெயரையும், ஒரு நாளைக்கு எத்தனை, எவ்வளவு காலமாக என்பதையும் எழுதிக் கையில் கொடுத்தால் அந்தத் தாள் எம்.ஆர்.ஐ.யைவிட உதவும். அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது பெயருள்ள பக்கம் யாருக்குப் போகிறது என்று ஒரு நிமிஷம் பாருங்கள். பெயர் இல்லாத துண்டுதான் கொடுக்க முடியும் என்றால் கவர்மேல் பேனாவால் எழுதிவிடுங்கள். 'ரெண்டு வேளைக்கு செட்' என்று வெள்ளைக் காகிதத்தில் உதிரியாக மடித்துக் கொடுப்பதை தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே எத்தனையோ பேர் எங்கள் தெருவில் விழுங்குகிறார்கள்.

வாடிக்கையாக வலி மாத்திரை வாங்க வருகிறவரிடம் நீங்கள் கேட்கக்கூடிய கேள்விகள் உண்டு. கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பது முதல் கேள்வி. பழைய இடத்திலேயே வலிக்கிறதா, உடம்பெல்லாம் பரவியிருக்கிறதா? வேலை செய்தால் கூடுகிறதா, இல்லை சும்மா இருந்தாலும் மணி அடித்தாற்போல் வருகிறதா? கூடவே கொட்டாவி, மூக்கு, வயிறு? பதில் சொல்லும்போது அவர் கையைக் கொஞ்சம் பாருங்கள்.

அந்த 'மணி அடித்தாற்போல்' என்பதை நான் நோட்டில் கண்டுபிடித்தேன். நைனாவுக்கு மறுபடியும் அதே ஆறு மாத்திரையை, இந்தமுறை முறையான சீட்டோடு தொடங்கி, மெதுவாகக் குறைக்கலாம் என்றார் டாக்டர். வருஷக்கணக்கில் எடுத்தவர்களுக்கு மாதம் பத்தில் ஒரு பங்கோ அதைவிட மெதுவாகவோ குறைப்பதுதான் தாங்கும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. திடீரென நிறுத்தினால் தாங்க முடியாத வலியும் மனவேதனையும் வந்து தற்கொலை வரை போவதுண்டு என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இலேயே எச்சரித்திருக்கிறது. எங்களுக்கு மாதம் அரை மாத்திரை. நான் நீளமான கணக்கு நோட்டில் கட்டம் போட்டேன்: மணி, மாத்திரை, எங்கே வலி, என்ன சொல் சொன்னார், கூட என்ன. அம்மாவுக்கு எழுத வராத வேளையில் பக்கத்து வீட்டுப் பையன் எழுதினான்.

மூன்று வாரத்தில் கட்டங்கள் தானாகப் பேச ஆரம்பித்தன. 'இழுப்பு' என்ற சொல் தறியில் உட்கார்ந்த நாட்களில் சாயங்காலம் வந்தது. 'குடைச்சல்' என்ற சொல் விடியற்காலை நாலு மணிக்கும், அடுத்த மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பும் வந்தது. எங்கள் வீட்டில் அமாவாசையன்று தறி ஏற மாட்டார்கள். அன்றைக்கு இழுப்பு இல்லை. குடைச்சல் மட்டும் அதே நாலு மணிக்கு வந்து உட்கார்ந்திருந்தது. வேலை செய்யாத முதுகுக்கு எப்படி மணி தெரியும்? ராத்திரி மாத்திரை இறங்குகிற நேரம் அது. இத்தனை வருஷமாக 'ராத்திரி வலி அதிகமாகிவிட்டது' என்று மாத்திரையைக் கூட்டிக் கூட்டி நாங்கள் துரத்தியது அந்த நாலு மணியைத்தான். ஒவ்வொரு முறை அரை மாத்திரை குறைத்தபோதும் மூன்று நான்கு நாள் குடைச்சலும் கொட்டாவியும் எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. போகப் போக, நைனாவே படுத்தபடி "இது எறங்குற வலி, விடு" என்று சொல்லப் பழகிவிட்டார்.

எல்லாம் இப்படிப் பளிச்சென்று பிரிந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். மாத்திரை இறங்கும்போது பழைய இழுப்பும் கூடச் சேர்ந்து துள்ளும். ஆறிப்போன பழைய காயம்கூட வலிக்கும். இன்னொன்றும் உண்டு. அபின் வகை மருந்தை நெடுநாள் எடுத்தால் சிலருக்கு நரம்பே கூர்மையாகிவிடும். வலி பரவிக்கொண்டே போகும், போர்வை பட்டாலும் நோகும், மாத்திரையைக் கூட்டினால் குறையாமல் கூடும். அப்போது செய்ய வேண்டியதும் குறைப்பதுதான், ஆனால் அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் யாரும் தானாகக் குறைக்க வேண்டாம். நெடுநேரம் வேலை செய்யும் எஸ்.ஆர். வகை மாத்திரைகளை உடைக்கவே கூடாது என்று வாங்குகிறவரிடம் சொல்லுங்கள். சில நாள் விட்டவர் பழைய அளவையே ஒரேயடியாகப் போட்டால் மூச்சு அடங்கிவிடும் ஆபத்து இருக்கிறது, குடியோ தூக்க மாத்திரையோ கூடச் சேர்ந்தால் இன்னும் மோசம். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ கட்டுப்பாடின்றிப் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ, காய்ச்சலோடு முதுகு வலித்தாலோ இந்தக் கணக்கெல்லாம் போடாமல் அந்த ராத்திரியே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். வலிப்பு வந்தாலும் அப்படித்தான்.

எங்கள் ஆசிரியர் அறைக் கதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு டீச்சர்கள் கைப்பையில் எப்போதும் தலைவலி மாத்திரை. தலைவலிக்காரர்கள் மாதத்தில் பதினைந்து நாள் அல்லது அதற்கு மேல் சாதாரண வலி மாத்திரையையோ, பத்து நாள் அல்லது அதற்கு மேல் கூட்டு மாத்திரையையோ மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் மாத்திரையாலேயே தினம் தலைவலி வரலாம். அதுவும் இறங்குகிற வலிதான். அதே மாதிரி, முட்டிவலிக்கு 'உடனே கேக்குற ஊசி' போடும் இடங்களில் ஸ்டீராய்டு போயிருந்தால், அதை நிறுத்தும்போதும் உடம்பு வலியும் அசதியும் வரலாம்.

டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள், இந்த மடல் அவர்கள் கண்ணிலும் படும் என்ற நம்பிக்கையில். இந்த வகை மாத்திரை எழுதும்போது தொடங்கும் தேதியோடு முடியும் தேதியையும், எப்படி முடிப்பது என்பதையும் எழுதுங்கள். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கு வருகிறது. சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு இயன்முறை மருத்துவரும் வலி தணிப்பு நர்ஸும் வருகிறார்கள். இடுப்புப் பயிற்சி சொல்லிக் கொடுக்கும் அவர்கள், "என்ன வலி மாத்திரை, எத்தனை நாளா, எந்நேரத்துக்கு வலி வருது" என்ற கேள்விகளையும் கேட்டால் எத்தனையோ வீடுகளில் அந்த நாலு மணி பிடிபடும். கடைகளைச் சோதிக்க வரும் அதிகாரிகளே, இருப்பையும் பதிவேட்டையும் பார்ப்பது உங்கள் வேலை. கடையைப் பூட்டிவிட்டுப் போகும் அன்று, அந்தக் கடையில் மாதாமாதம் வாங்கிக்கொண்டிருந்த கிழவர்கள் எங்கே போவார்கள் என்று சொல்லும் ஒரு தாளைக் கதவில் ஒட்டிவிட்டுப் போங்கள். அதில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும், 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணும் இருந்தால்கூடப் போதும்.

நைனாவின் கடைசி அரை மாத்திரை 2024 ஆகஸ்டில் நின்றது. நடுவில் மாமா இறந்த மாதமும், தீபாவளி ஆர்டர் மாதமும் குறைக்காமல் அப்படியே வைத்திருந்தோம். அவருக்கு வலி போய்விட்டதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போகவில்லை. இழுப்பு இருக்கிறது. ஆறு மாத்திரை போட்டபோது எவ்வளவு இருந்ததோ கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் தறியைவிட்டு எழுந்து நடக்கிறார், பயிற்சி செய்கிறார், நரம்பு வலிக்கு ஒரு மாத்திரை டாக்டர் பார்வையில் ஓடுகிறது. நாலு மணிக்கு எழுவதில்லை.

அந்தக் கடைக்கு அவர் இப்போதும் போகிறார், அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க. போன மாதம் கடைக்கார அண்ணன் அரை அட்டை வெட்டிக் கொடுத்தார். கொடுத்ததைத் திரும்ப வாங்கி, கவர்மேல் மருந்தின் பெயரைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, "வீட்ல பாப்பா கிட்ட காட்டுங்க" என்று கொடுத்தனுப்பினாராம். நைனா அந்தக் கவரை மடிக்காமல் கொண்டுவந்து என் கணக்கு நோட்டுக்குள் வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
குடியாத்தம் கைலி நெசவாளி ஒருவரின் மகள்